எழுபத்திநாலாம் பக்கம்

மஞ்சக்குப்பம் மின்வாரிய அலுவலகம், இரண்டாம் கவுண்டர்.
காலை ஒன்பதரையிலிருந்து மூன்றே கால் வரை
சில்லறை இல்லை என்று சொல்பவள் நான்.
பிறகு
பதினாறு வயதுக்காரி.

வெள்ளை அட்டையில் இரண்டு கட்டங்கள் உண்டு,
முந்தைய அளவு, தற்போதைய அளவு.
கழித்தால் வருவது செலவு.
எனக்குப் பதினாறு, நாற்பத்தாறு.
நடுவில் எரிந்த முப்பது யூனிட்டுக்கு
எந்த விளக்கின் அடியில் உட்கார்ந்திருந்தேன் என்று
சில நாள் யோசிப்பேன்.
வரிசை நீளமாக இருந்தால் அதுவும் இல்லை.

முதல் நாவலைப் புரட்டிப் பார்த்துவிட்டு
பாண்டிச்சேரிப் பதிப்பாளர் கேட்டார்,
"இது குழந்தைகளுக்கா, பெரியவங்களுக்கா?"
பதினாறு வயசுக்கு என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அந்த வயசுல நம்ம ஊர்ல
கைடுதாம்மா வாங்குவாங்க."

முந்நூறு பிரதி. ராயல்டிக்குப் பதில் நாற்பது புத்தகம்.
இரண்டாயிரத்துப் பதினைந்து மழையில்
கெடிலம் வீட்டுக்குள் வந்து
கட்டிலுக்கடியில் மிஞ்சியிருந்த முப்பத்தொன்றையும்
ஒரே மூச்சில் வாசித்தது.
கருத்து எதுவும் சொல்லவில்லை.
சேற்றை விட்டுப் போனது.

நூலகத்தில் என் புத்தகம்
குரூப் ஃபோர் வழிகாட்டிக்கும் கோலப் புத்தகத்துக்கும் நடுவே.
ஒருநாள் நானே எடுத்து நாவல் அடுக்கில் வைத்தேன்.
மறுவாரம் பழைய இடத்தில் இருந்தது.

அதில் வருகிறவள் அமலி.
முதுநகர் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவரின் மகள்.
பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரியில் தோற்றவள்.
சிப்காட் காற்று ஊர்ப்பக்கம் திரும்பும் ராத்திரிகளில்
எந்த ஆலை, எந்தக் குழாய் என்று
மூக்கை வைத்தே சொல்லிவிடுவாள்.

எழுபத்திநாலாம் பக்கத்தில் ஒரு மத்தியானம்
தன் அறைக்குள் போகிறாள்.
அறையில்லை, மாடிப்படிக்குக் கீழே சாமான் போடுகிற இடம்.
உள்பக்கம் தாழ்ப்பாள் போடுகிறாள்.
அழவில்லை. யாருக்கும் ஃபோன் செய்யவில்லை.
வெளியே கூப்பிடுகிறார்கள், பதில் இல்லை.
ஒரு பக்கம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.
அவ்வளவுதான்.

ஒரு அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து சத்தம் போட்டார்.
தலைமையாசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு,
"முத்தம் கித்தம்னாகூட
அந்த வரிய அடிச்சிட்டு வச்சிருக்கலாம்.
இதுல எத அடிக்கிறது மேடம்?" என்றார்.
பதினொரு பிரதிகள் பீரோவுக்குள் போயின.
பூட்டு வெளிப்பக்கம்.

திருப்பாதிரிப்புலியூர் ரயிலடி ஜெராக்ஸ் கடையில்
ஆதார் நகலுக்கு நின்றிருந்தேன்.
இரட்டைச் சடை ஒன்று எட்டிப் பார்த்து
"அண்ணா, எழுபத்திநாலு இருக்கா?"
அன்வர்தீன் தலை நிமிராமல்
அடுக்கிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார்.
ரெண்டு ரூபாய்.
நானும் ஒன்று வாங்கினேன்.
எத்தனையாவது நகலின் நகலோ,
எழுத்து தடித்து, ஓரம் கறுத்து,
புத்தகத்தின் பெயர் இல்லை, என் பெயர் இல்லை.
கடைசி வரிக்குக் கீழே யாரோ பேனாவில்
'நானும்.'
அதற்கும் கீழே வேறு கையெழுத்து,
'எங்க வீட்ல தாழ்ப்பாளே கிடையாது.'
எனக்குப் பொறாமையாக இருந்தது.
அந்த வரி எனக்கு வந்திருக்க வேண்டியது.

இன்று கவுண்டரில் ஒருத்தி, இடுப்பில் குழந்தை.
அட்டையை நீட்டியவள் பெயர்ப்பலகையைப் படித்தாள்.
ஜெ. சுகிர்தா.
"எழுபத்திநாலு எழுதுன அக்கா நீங்கதானா?
அவ அப்புறம் கதவத் திறந்தாளா?"

எழுபத்தைந்தில் திறந்துவிடுகிறாள்.
காப்பி குடிக்கிறாள், திட்டு வாங்குகிறாள்,
இன்னும் நூற்றிருபது பக்கம் இருக்கிறது.
இவளுக்கு அதெல்லாம் கிடைக்கவே இல்லை போல.
பின்னால் இருபது பேர்.
"நூத்தித் தொண்ணூறு. சில்லறையா குடுங்க."
குழந்தை பிடித்திருந்த பத்து ரூபாயை அவள் பிடுங்க
அது வீறிட்டது.
அவசரத்தில் ரசீதில் சீல் தலைகீழாக விழுந்தது.

"இன்னும் இல்ல" என்றேன்.

"நல்லதுக்கா" என்றாள்.
மீதியை எண்ணாமல் போனாள்.