ஒப்பனை அறை, 1966

பச்சையில் மட்டும் பதினான்கு புட்டிகள்.
செவ்வாய்க்காரனின் காதுமடலுக்கென்றே
தனியாக ஒன்று.
வெர்னெட்டாவின் நிறத்துக்கு எதுவுமில்லை.
கைப்பையிலிருந்து தன் பவுடர் டப்பாவை எடுத்துத்
தானே பூசிக்கொள்கிறாள்.
விண்வெளிச் சீருடை வேறொருத்தியின் அளவு;
முதுகில் நான்கு ஊக்கு.

வசனம் ஒரே வரி:
"கதவு திறக்கவில்லை, தளபதி."
பதினொரு முறை சொல்லவைத்தார்கள்.
ஒட்டுப்பலகைக் கதவுக்குப் பின்னால்
கயிறு பிடித்தவன்
கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

வியாழன் இரவு, வாட்ஸ்.
போன வருடம் எரிந்த கடைகளுக்கு எதிர்வரிசையில்
விளம்பரம் வந்ததும்
வீட்டுக்கு வீடு தொலைபேசி அடிக்கிறது:
"இன்னும் சாகலையா அவ?"
"இல்ல. நிக்கிறா."

அடுப்பை அணைக்க
யாரும் எழுந்து போகவில்லை.
பீன்ஸ் கருகும் வாசனையில்
அவள் பெயர்,
ஓர் எழுத்து பிழையாக,
மேலேறிப் போனது.