விண்ணுவிண்ணுனு

சிம்மக்கல்லில் செருப்புக்கடை மாடி.
ஜெர்மன் மொழியில் மேசை ஆண்பால்,
கதவு பெண்பால்,
சிறுமி மட்டும் ஏனோ அஃறிணை.
வளையலை அடகுவைத்துக் கட்டிய வகுப்பு,
சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டோம்.

வலிக்கு ஷ்மெர்ட்ஸ். சரி.
விண்ணுவிண்ணுனு தெறிக்குது என்பதற்கு?
சார் செல்போனில் தேடினார்,
தேடிக்கொண்டே இருந்தார்.

பெரியாஸ்பத்திரி, எலும்பு வார்டு, ராத்திரி டூட்டி.
மேலூர்க் குவாரியில் கால் நசுங்கிய லக்கிந்தர்
நாலு நாளாய் ஒரே சொல்: "தர்த்."
நானும் நாலு நாளாய்
கேஸ் ஷீட்டில் 'வலி' என்றே எழுதியிருக்கிறேன்.

எந்த மாதிரி?
விரலால் குத்திக் காட்டினேன். இல்லை.
ஊதி எரித்துக் காட்டினேன். இல்லை.
கைவிரல்களை மூடி மூடித் திறந்தபோது
எழுந்தே உட்கார்ந்துவிட்டான்:
"டீஸ்! டீஸ்!"

நோட்டின் ஓரத்தில் குறித்தேன்:
டீஸ், விண்ணுவிண்ணுனு.
பக்கத்தில் ஜெர்மனுக்கு விட்ட இடம்
காலி.
தேர்வுக்கு ஒன்பது நாள்.