மூவாயிரத்து எழுநூறு

பீளமேட்டில் கரண்ட் நிலையாக நிற்பது
ராத்திரி பதினொன்றுக்கு மேல்.
பக்கத்து வார்ப்படப் பட்டறை உலையை அணைத்த பிறகுதான்
எங்கள் லேசருக்கு மூச்சு சீராகும்.

தொட்டியில் தண்ணீர். சிறுவாணிதான்,
ருசி, உப்பு, பேர் எல்லாம் வடித்து எடுத்தது.
ஒரு கற்றை பச்சை.
இன்னொன்று சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு அகப்படாதது.
இரண்டும் தண்ணீர்த் தோலில் ஒரே புள்ளியில் விழுந்தால்
நீலமாய் ஒன்று புறப்படும்,
எண்ணி எடுக்கிற அளவுக்குச் சொற்பம்.

ஆழத்திலிருந்து எதுவும் வராது.
அங்கே கோடானுகோடி மூலக்கூறுகள்
ஆளுக்கொரு திசை பார்த்து
ஒன்றின் பேச்சை ஒன்று அழித்துவிடும்.
விளிம்பில் நிற்கும் வரிசைக்கு மட்டும்
மேல் எது கீழ் எது என்று தெரியும்.

அந்த வரிசையில் நாலுக்கு ஒன்று
ஒரு கையைக் காற்றில் நீட்டியபடி நிற்கும்,
பிடித்துக்கொள்ள யாரும் இல்லாமல்.
அந்தக் கை அதிரும் இடம் மூவாயிரத்து எழுநூறு.
தண்ணீர் சுத்தம் என்பதற்கு
அது ஒன்றுதான் சாட்சி.

இன்றைக்கு அங்கே ஒன்றுமில்லை.
இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பதில் ஒரு மேடு.
கொழுப்பு.

"லேத்து எண்ணெயா இருக்குமுங்களா?"
பொங்கியண்ணன் தானே கேட்டார்.
கணபதியில் டெஃப்ளானைத் தொட்டியாகக் கடைந்தவர் அவர்.
"எண்ணெயே தொடாமத்தானுங்க கடைஞ்சேன்"
என்று தானே வாதாடியும் முடித்தார்.

நான் கையுறையைப் பார்த்தேன்.
கையுறை தொட்ட போனைப் பார்த்தேன்.
போனுக்குப் பக்கத்தில் என் டிபன் பாக்ஸ்:
அரிசிம்பருப்புச் சாதம்,
மேலே தாராளமாய் நெய்.

ஒரு விரல் ரேகை போதும்,
ஒற்றை மூலக்கூறு உயரத்தில்
தொட்டி முழுக்கப் பரவிவிட.
சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர்,
"டால்டா கலந்திருந்தா அதையுங் காட்டுமுங்களா?" என்றார்.

கழுவினோம்.
மூன்று மணிக்கு இன்னொரு தரம் கழுவினோம்.
நாலு பத்துக்குத் திரையின் வலது ஓரத்தில்
ஊசிபோல் அது எழுந்தது.
பொங்கியண்ணன் சத்தம் போடவில்லை,
மூக்குக்கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் புரதம், ஒரு சொட்டு.
எண்ணெய்ப் பக்கத்தை வயிற்றுக்குள் மடித்து
இத்தனை நாள் ஒழுங்காக நீந்திய ஒன்று
விளிம்புக்கு வந்ததும் அவிழ்கிறது.
மறைத்ததையெல்லாம் காற்றுக்குத் திருப்பிக் காட்டுகிறது.
நீட்டி நின்ற கைகளை
ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டே வருகிறது.

நோட்டில் எழுதினேன்:
நாலு முப்பத்திரண்டு. மூவாயிரத்து எழுநூறில் யாரும் இல்லை.

பட்டறையில் உலை பற்றவைத்தார்கள்.
கோடு லேசாக நடுங்கியது.