பதினாறு

கோணேசபுரி வளாகத்தின் கடைசிக் கட்டடம்.
கிழட்டுச் சுண்டெலிகள் முப்பத்தாறு,
இருபத்துமூன்று மாதம் தின்று தீர்த்தவை,
காதில் துளை, துளைக்கு ஓர் இலக்கம்.
வெளியே உப்புக்காற்று யன்னல் கம்பியைத் தின்கிறது.
உள்ளே நான் நிறுக்கிறேன், எழுதுகிறேன், குத்துகிறேன்.

குப்பி அ. குப்பி ஆ.
ஒன்றில் பெப்ரைட், மற்றதில் உப்புத்தண்ணீர்.
எது எதுவென்ற கடதாசி
கலாநிதி தயாபரியின் லாச்சிக்குள்.
தெரியாமல் இருப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

இழைமணிக்குள் ஒரு சின்ன வட்டச் சுவடி இருக்கிறது.
கருவின் பெரிய புத்தகத்தோடு ஒட்டாமல்
தன்பாட்டில் கிடப்பது.
புரதம் ஒன்றும் இல்லையென்று
எல்லாரும் தாண்டிப் படித்த வரியில்
பதினாறு அமினோ அமிலம் ஒளிந்திருந்ததாம்.
தசைக்குப் போய் சீனியை எரிக்கச் சொல்கிறதாம்.
வயது போகப் போக
அந்தக் குரலும் அடைக்கிறதாம்.

"வாழ்த்துறதும் பதினாறு,
என்றும் இளமையும் பதினாறு,
இப்ப எலிக்குக் குத்துறதும் பதினாறோ?"
றிஸ்மியாவின் பகிடி.
நான் ஊசியைச் சுண்டிக் காற்றை விட்டேன்.

நிலாவெளியில் விடுதி நடத்தும் ஜெயசோதி
மூன்றுதரம் வந்துவிட்டார்.
இணையத்தில் வாங்கிய குப்பி ஒன்று
அவருடைய சட்டைப் பையில், சூட்டில்.
ஆய்வுக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல
என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது.
"அது சும்மா போடுறது தங்கச்சி.
வாற வெள்ளைக்காரன் ஒருத்தன்
அறுபத்தைஞ்சு வயசில
புறாமலைக்கு நீந்துறன் எண்டு நிக்கிறான்."
எலிக்கே இன்னும் தெரியாது அண்ணை, என்றேன்.
குப்பியைத் திரும்பப் பைக்குள் வைத்தார்,
பூனைக்குட்டியை வைப்பதுபோல.

ஆவணியில் ஓரிரவு கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இருமிவிட்டுப் படுத்தது.
சுகிர்தனின் ஓட்டோவில் கொட்பேக்குப் போய்
மீன்காரரோடு வரிசையில் நின்று
ஐஸ் மூன்று பார்.
நிலாவெளி உப்பளத்துக் கல்லுப்பு அரை மூட்டை.
உடைத்து, கலந்து, குப்பிகளைப் புதைத்து,
வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டைத் தொட்டதும்
றிஸ்மியா அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.
நான் நேரம் எழுதினேன்: 3.52.
விடியும்வரை எங்கள் கைகளில் சூரை மீன் மணத்தது.

இருபத்தேழாம் இலக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது.
முதுகில் மயிர் கொட்டிப்போன பெட்டை.
எட்டாம் கிழமை ஓடுபட்டியில் விட்டேன்.
மற்றவை பின்தட்டில் குந்திக்கொண்டன.
அது நாற்பத்தொரு நிமிடம் ஓடியது.
ஓடி முடிந்து, மீசையைத் துடைத்து,
இன்னும் இருக்கா என்பதுபோலப் பார்த்தது.
அன்றைக்கே என் கை தீர்மானித்துவிட்டது
ஆ தான் பெப்ரைட் என்று.
கை தீர்மானிக்கக் கூடாது.
ஆனால் கோணேசர் கோயில் படியில்
என் நாற்பத்தொன்பது வயது முழங்கால்
ஆ, ஆ என்றுதான் முனகியது.

மார்கழி மழையில் லாச்சி திறந்தது.
பெப்ரைட் குடித்த கூட்டத்துக்குச் சீனி கொஞ்சம் குறைவு,
ஓட்டம் கொஞ்சம் கூட.
வரைபில் பிழைக்கோடுகள்
ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக் கிடந்தன.
ஏதோ இருக்கிறது, என்றார் தயாபரி.
எலி போதாது, என்றும் சொன்னார்.

இருபத்தேழுக்கு ஐம்பத்தாறு நாளும் போனது
உப்புத்தண்ணீர்.

தொடைத்தசை வேண்டும், நெறிமுறைப்படி.
நான்தான் செய்தேன்.
ஏன் ஓடினாய் என்று
தசையிடம் கேட்கும் கருவி
எங்கள் அறையில் இல்லை.

பின்னேரம் ஜெயசோதியின் அழைப்பு.
"ஒண்டு நல்லா ஓடினதாமே, சுகிர்தன் சொன்னான்.
அதுக்கு என்ன குடுத்தனீங்கள்?"
சொன்னேன்.
கன நேரம் அந்தப் பக்கம் அலைச் சத்தம் மட்டும்.
பிறகு, "அது இஞ்ச
வாசல் வரைக்கும் வந்து போகுதே" என்றார்.
குப்பியை என்ன செய்தார் என்று
நான் கேட்கவில்லை.