பதினேழாம் அறைக்கு இரண்டு சாவி

கதவில் இன்னும் இருக்கிறது
பழைய வெள்ளை எழுத்து: இருவர்.
அதன் பக்கத்தில் யாரோ
பற்பசையால் நான்கு என்று எழுத
வேறு யாரோ அதை அழித்திருக்கிறார்கள்.
போன புதன் முதல் ஐந்து.
நெத்மியின் தங்கைக்கு வெளியில் ஓர் இடம் கிடைக்கும்வரை.
வாடன் வரும்போது அவள்
அலுமாரிக்குப் பின்னால்
மழைக்கோட்டைப்போல் தொங்கிக்கொண்டு நிற்பாள்.

"உனக்கென்ன, லயத்துப் பிள்ளை,
உனக்கு இதெல்லாம் பழக்கம்தானே"
என்றாள் முதல் நாள்
பக்கத்து அறை புவனலோஜினி.
கெட்ட எண்ணம் இல்லை.
என் மெத்தையின் ஒரு முனையைத்
தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பழக்கம்தான்.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில்
ஏழு பேர் உடுப்பு மாற்றும் வரிசை எனக்குத் தெரியும்.
நோர்வூட்டில் எங்கள் சுவர்
கூரைத் தகரத்தைத் தொடாது.
இடையில் ஒரு முழம் வெளி.
அதன் வழியே வரும்
அடுத்த வீட்டு இருமல், தாளிப்பு,
பேர் போடாத நாளின் சண்டை.
அண்ணன் கல்யாணமாகி வந்த வாரம்
நாங்கள் ஐந்து பேரும் இஸ்தோப்பில் படுத்து
தூங்குவதுபோல் கிடந்தோம்.
ஒருவர்கூடத் தூங்கவில்லை.

உயர்தரத்துக்கு விழுந்து விழுந்து படித்தது
ஒரு கதவுக்காக.
உள்ளிருந்து பூட்டக்கூடிய ஒரு கதவு.
இதை யாரிடமும் சொல்லவில்லை.
பாராட்டு விழாவில் ஒலிவாங்கியைப் பிடித்து
சமூகத்துக்குச் சேவை என்றேன்.
கைதட்டினார்கள்.

பேராதனையில் கதவு இருக்கிறது.
சாவிதான் இரண்டு.

அதிகாலை மூன்றரைக்கு
கடைசிக் குளியலறை காலியாக இருக்கும்.
ஹந்தானைப் பனி ஜன்னல் கம்பிவரை வந்து நிற்கும்.
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து
குழாயைத் திறந்துவிட்டு அழலாம்.
நான் பெரும்பாலும் நகம் வெட்டினேன்.

மற்றபடி
என் சுவர் தமிழ்தான்.
அறையில் வேறு யாருக்கும் தெரியாது.
எட்டரைக்கு அம்மா எடுப்பாள்.
மேல்கட்டிலில் சம்மணம் கட்டி
வாழ்க்கையில் முதல்தடவையாக
குரலைத் தாழ்த்தாமல் பேசினேன்:
அப்பாவின் குடி, அண்ணியின் கோபம்,
கீழ்க்கட்டில் இரேஷா,
"அந்தச் சனியன் விடிய விடியக் குறட்டை, அம்மா,
தலை எண்ணெய் நாத்தம் வேற."
கூரைவரை எழுப்பிய சுவர் அது.
அந்தப் பக்கம் அம்மாதான்
வாயைப் பொத்திக் குசுகுசுத்தாள்.
அவளைச் சுற்றி எல்லோருக்கும் தமிழ் தெரியும்.

ஐப்பசி மழையில் ஒருநாள்
தோடு மூழ்கப்போகுது என்றாள்.
பதினெட்டாயிரம், வட்டியோடு.
எப்படியாவது பார்க்கலாம் என்றேன்,
எப்படி என்று தெரியாமல்.

மறுநாள் உடுப்புக் காயவைக்கும் கொடியடியில்
இரேஷா நின்றாள்.
ஈரத் துவாய் தோளில்.
ஒவ்வொரு சொல்லையும்
கல் பார்த்துக் கால் வைப்பதுபோல் எடுத்து வைத்தாள்:
"தோடு... எவ்வளவு காசு?"

பிறகு கொப்பியைக் காட்டினாள்.
இரண்டாம் மொழிப் பரீட்சைக்காம்.
வகுப்பில் ஒன்றும் ஏறவில்லையாம்,
உன்னிடம்தான் படிக்கிறேன் என்றாள்.
சிங்கள எழுத்தில் என் வீடு
வரிசை வரிசையாகக் கிடந்தது:
அடகு. கொழுந்து. கடைசித் தவணை.
அர்த்தம் தெரியாதவற்றுக்குப் பக்கத்தில் சிவப்புக் கேள்விக்குறி.
"சனியன்?" என்று கேட்டாள்.
சனிக்கிழமை பிறந்தவள் என்றேன்.
முகம் மலர்ந்துவிட்டது.
"நான் சனிக்கிழமைதான்!"

அன்றிரவு சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே
ஒரு முழம் திறந்துகொண்டது.
அதன் வழியே காற்று வந்ததா
குளிர் வந்ததா, சொல்லத் தெரியவில்லை.

இப்போது எட்டரை ஆனதும்
இரேஷா இரண்டு காதிலும் இயர்ஃபோன் செருகி
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.
வயரின் மறுமுனை
எதிலும் சொருகாமல் தலையணைக்குக் கீழே கிடப்பது
மேலே இருந்து பார்த்தால் தெரிகிறது.

தூங்குவதுபோல் கிடக்கக் கற்றவள் நான்.
"சொல்லும்மா" என்கிறேன்.