நூற்று முப்பது, வலப்பக்கம்

தொலுகாவில் காற்று மெலிது.
தீக்குச்சிகூட ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் பற்றும்.
இங்கே வோச்சோக்களைத் திறந்து மூடுவது என் பிழைப்பு.
முதுகில் எஞ்சின். தண்ணீர் கிடையாது.
விசிறிக் காற்றில் தன் சூட்டைத் தானே
ஆற்றிக்கொள்ளும் நான்கு சிலிண்டர்.

நிசேஃபோரோவுக்கு நாற்பத்து நான்கு வேண்டுமாம்,
ஜோடியாக. மச்சானிடம் இருக்கிறதாம்.
மச்சானிடம் கடனும் இருக்கிறது என்றேன்.
விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும், தம்பி.
உன் ஆயிரத்து அறுநூறுக்கு
அவ்வளவு பெரிய வாயைக் கொடுத்தால்
கொட்டாவி விடும், பேசாது.
அகன்ற தொண்டையில் காற்று சோம்பி நடக்கும்,
சோம்பிய காற்று பெட்ரோலைத் தூக்கி வராது.

முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.
பத்து நாளில் திரும்பி வந்தான்,
முப்பத்து நான்கில் ஒரு ஜோடியைத்
துண்டில் சுற்றி, பூனைக்குட்டிகளைப் போல.

கிழமை எழுதிய மாத்திரை டப்பாவில்
ஜெட்டுகள் வைத்திருக்கிறேன்.
மலைக்கு நூற்றுப் பதினைந்து, வியாழனில்.
கடற்கரைக்கு நூற்று முப்பது, ஞாயிறில்.
பித்தளை, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது,
நடுவில் ஊசி நுழையும் ஓட்டை.
ஒரு வண்டியின் குணம் அந்த ஓட்டையில் இருக்கிறது.

இரண்டையும் இணைக்கும் கம்பியை முதலில் கழற்றினேன்.
சேர்ந்திருக்கையில் எது பொய் சொல்கிறது என்று தெரியாது.
ரப்பர் குழாயின் ஒரு முனை காதில்,
மறுமுனை கார்புரேட்டர் வாயில்.
இடது ஸ்ஸ் என்றது.
வலது ஷ்ஷ் என்றது.
திருகைக் கால் சுற்று, அதில் பாதி,
மூச்சுவிட்டால் கலைந்துவிடும் அளவு இன்னும் கொஞ்சம்.
இரண்டும் ஸ்ஸ்.

கை தட்டினான். தட்டாதே என்றேன்.
பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா.
சூடேறினால் எஞ்சின் ஒரு மயிரிழை அகலும்,
கம்பி அகலாது,
ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து இழுக்கும்.
குளிரில் பார்த்த சமம் குளிருக்குத்தான்.
வந்தான். மறுபடி குழாய், மறுபடி காது,
காது மடலில் ஒரு சின்னக் கொப்புளம்.

அக்காவைப் பார்க்க வெராக்ரூஸ் போகணும்,
நீங்களும் வாங்க தோன்யா ஓதிலியா,
என் கையை நான் நம்பமாட்டேன் என்றான்.

மல்த்ராத்தா இறக்கத்தில் மூடுபனி.
காலை எடுத்தால் சைலன்சரில் பட்பட்.
காற்று தடித்துக்கொண்டே வந்தது,
பெட்ரோல் அதே பழைய அளவில்.
ஓரம் கட்டினோம். டார்ச்சை அவன் பிடித்தான்.
இடப்பக்கம் மாற்றிவிட்டேன்.
வலப்பக்கம் கழற்றியது சட்டைப் பையில்,
புதியது விரல் நுனியில்.
அவன் தும்மினான்.

தொண்டையில் துணி அடைத்திருந்தேன், அந்த ஒரு புத்தி.
ஆனால் சரளை, புல், அவன் சட்டை மடிப்பு,
விசிறிக் கூட்டின் இடுக்கு,
ஒரு லாரி போனது, இன்னொன்று போனது.
கிடைக்கவில்லை.
பழைய பதினைந்தையே திருப்பிப் போட்டு,
பாதி வயிறு நிறைந்த வண்டியில், பேசாமல்,
கடல் வரை இறங்கினோம்.

அக்கா எதுவீஹெஸ் பொய்ப்பல் செய்கிறவள்.
ஒன்று புள்ளி மூன்று மில்லிமீட்டரில்
ஒரு துளைப்பான் வைத்திருந்தாள்.
ஜெட்டைக் கடைவாய்ப் பல்லைப் போலக் கவ்விக்கொண்டு
இரண்டு நொடியில் அகலமாக்கினாள்.
வலியா? என்று அதனிடம் கேட்டாள்.
அன்று இரவு கடலோரத்தில்
வோச்சோ பட்டுத்துணி கிழிவதைப் போல ஓடியது.

சிறியதைப் பெரிதாக்கலாம்.
பெரியதைச் சிறிதாக்க எந்தப் பல் வைத்தியரும் இல்லை.
மலைக்குத் திரும்பியதும் பிளக்குகளைக் கழற்றினேன்:
இடப்பக்க இரண்டும் பிஸ்கட் நிறம்,
வலப்பக்க இரண்டும் அடுப்புக் கரி.

வலப்பக்கத்துக்கு ஒரு பதினைந்து சொல்லியிருக்கிறேன், வரும்.
ஞாயிறில் இப்போது ஒன்றுதான் இருக்கிறது.
நிசேஃபோரோ வண்டி கழுவும்போதெல்லாம்
கால்மிதியைச் செய்தித்தாள் விரித்து உதறுகிறான்,
பிறகு குனிந்து,
எழுத்துகளுக்கு நடுவே விரலால் தேடுகிறான்.