நாற்பது மணி நேரம்

கரும்பலகையில் நான் எழுதிய கணக்கு:
கல்லணையிலிருந்து நூற்றிருபது கிலோமீட்டர்.
தண்ணீர் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கிறது.
கடைமடைக்கு எப்போது வந்து சேரும்?

முப்பத்தோரு வாயும் ஒரே வாயாக
நாற்பது மணி நேரம் என்றன.
சபாஷ் என்று சாக்பீசைக் கீழே வைத்தேன்.
ஒன்பது வருஷமாக இந்த இடத்தில்தான்
வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது வரிசையிலிருந்து எழிற்குமாரி
எழுந்திருக்காமலே சொன்னாள்:
"தொறந்து பன்னண்டு நாளாச்சு சார்.
இன்னும் வரல."

அவள் அப்பா லஸ்கர்.
சட்ரஸில் பலகை ஏற்றி இறக்குகிறவர்.
தலைஞாயிற்றில் தண்ணீரைப் பற்றி
அவரிடம்தான் கேட்பார்கள், என்னிடம் அல்ல.

"சீரான வேகம் என்று எடுத்துக்கொண்டால்" என
வாய் பாதி திறந்தது.
ஜன்னலுக்கு வெளியே அரிச்சந்திரா நதி
பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது.
ஓர் ஆடு வெடிப்பில் காலை விட்டுவிட்டு
உருவிக்கொண்டு போனது.
வாயை மூடிக்கொண்டேன்.

கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பது
பயிற்சி முகாமில் சொல்லித்தந்த வித்தைதான்.
அன்றைய மதியச் சாப்பாடுதான் நினைவிருக்கிறது.
"ஏன் வரல?" என்று மட்டும் கேட்டுவிட்டு
மனசுக்குள் எண்ணினேன்.
ஆறில், பதிலை நானே சொல்லிவிடத் துடித்தது நாக்கு.
எட்டில், மின்விசிறியின் முனகல் கேட்டது.
பதினொன்றில் ரிஃபாயா:
"முறை வச்சு விடுறாங்க சார், மேல உள்ளவங்களுக்கு மொதல்ல."
"ஆகாயத்தாமரை அடச்சிருக்கு."
"மணல் அள்ளுன பள்ளம் ரொம்பணும்ல?"
பிறகு கடைசி பெஞ்சிலிருந்து,
போன வருஷம் கணக்கில் ஒன்பது மார்க் வாங்கிய இன்பராசு:
"தரை குடிக்கும் சார். காஞ்ச தரை நெறையக் குடிக்கும்."

"எவ்வளவு?" என்றேன்.
தெரியாமல்தான் கேட்டேன்.
எனக்குத் தெரியாது என்பது
அவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது.
நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மறுநாள் பிவிசி குழாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து
ஆற்று மண்ணைப் பரப்பி
ஒரு முனையைச் செங்கல்மேல் ஏற்றினார்கள்.
முதல் குவளை ஒரு முழம் போய்க் காணாமல் போயிற்று.
இரண்டாவது இன்னும் கொஞ்சம் தள்ளி.
மூன்றாவதற்கு முன் பந்தயம்.
எழிற்குமாரி வரும் என்றாள், இன்பராசு வராது என்றான்,
காரணம் சொல்லாதவர் ஆட்டத்தில் இல்லை.
ஐந்தாவதுதான் மறுமுனையில் சொட்டியது.
"அப்ப மூணு கிலோமீட்டர்னு யாரு சார் அளந்தா?"
புத்தகத்தைப் புரட்டினேன்.
அதில் பேர் போடவில்லை.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்து
சிலபஸ் எதுவரைக்கும் வந்திருக்கு என்றார்.
ஐந்தாவது குவளை என்று சொல்ல வந்து
இரண்டாம் பாடம் மேடம் என்றேன்.

அன்றிரவு தூங்கவில்லை.
ஒன்பது வருஷம், வருஷத்துக்கு முப்பது பேர்.
மேலேயிருந்து திறந்துவிட்டு
போய்ச் சேர்ந்திருக்கும் என்று பதிவேட்டில் எழுதினேன்.
எந்த வயலில் ஏறியது, எந்த வெடிப்போடு நின்றது,
ஒரு நாளும் வரப்பில் நடந்து பார்க்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் தண்ணீர் வந்தது.
நுரையும் வைக்கோலும் ஒற்றைச் செருப்புமாக,
நடக்கிற ஆளைவிட மெதுவாக.
மூன்றாம் பீரியட் வகுப்பு காலி.
யாரும் அனுமதி கேட்கவில்லை.
இன்பராசு கரையில் இரண்டு குச்சி நட்டு
செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
என் செல்போன்.

காலாண்டுத் தேர்வில் அதே கணக்கு.
விடைக்குறிப்பு: நாற்பது. இரண்டு மதிப்பெண்.
எழிற்குமாரி நாற்பது என்றுதான் எழுதியிருந்தாள்.
கீழே பென்சிலில், சின்னதாக:
வழியில் மண் குடிக்காவிட்டால்.

இரண்டு போட்டேன்.
அந்தப் பென்சில் வரிக்குப் போடக் கட்டம் இல்லை.

அடுத்தது இன்பராசு தாள்.
கணக்கும் இல்லை, விடையும் இல்லை.
கோடு போட்ட இடத்தில் ஒரே ஒரு கேள்வி:
எந்த மாசம் சார்?